கதியாலும் பொக்ஸ்வூட்டும்

சென்ற ஆண்டு தை மாதக் கடைசியில், ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த என் அக்கா மகன், பேசாலையில் உள்ள எங்கள் பழைய வளவின் வேலியைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டிருந்தான். நினைவுக்காக எடுக்கிறான் என்றே நினைத்தேன். மேசனுக்கு அனுப்புவதற்காக எடுத்தான் என்பது மாலையில்தான் தெரிந்தது. நாற்புறமும் ஆறடி மதில். மதிலின் உட்புறமாக, வீட்டு வாசல்வரை, முழங்கால் உயரத்தில் பொக்ஸ்வூட் செடி வரிசை. இதுதான் திட்டம். "அம்மாட வீட்டு வாசல்ல இருக்கிற மாதிரியே, மாமா" என்றான்.

அந்த வாசலை நான் பார்த்திருக்கிறேன். ஸ்காபரோவில், அக்கா வீட்டுப் படியின் இரு மருங்கிலும் எட்டுச் செடிகள். பெருவிரல் நகமளவு இலை, கரும்பச்சை, செதுக்கி வைத்த கல் போன்ற உருண்டை வடிவம். எங்கள் ஊரில் ஆட்டுக்குக் குழை ஒடித்த அதே கையால், அக்கா அந்த உருண்டைகளைக் கத்தரிப்பதை நின்று பார்த்துச் சிரித்திருக்கிறேன். இப்போது அந்தச் சிரிப்புக்காகச் சற்று வெட்கப்படுகிறேன். அவர் அந்தச் செடிகளுக்குப் பார்த்த பணிவிடை சிறிதல்ல. குளிர் தொடங்குமுன் சாக்குத் துணியால் சுற்றிக் கட்டவேண்டும். இல்லையேல் உறைபனிக் காற்றில் இலை செம்பழுப்பாகக் கருகிவிடும். பனி உருகியதும் அவிழ்க்கவேண்டும். இளந்தளிர் சற்று முற்றியபிறகே கத்தரிக்கவேண்டும். முந்திக் கத்தரித்தால் பின்பனி தளிரைத் தின்றுவிடும். வேர் மேலாக ஓடுவது. அடியைக் கொத்தக் கூடாது. மரத்தூளோ இலைச்சருகோ பரப்பி மூடவேண்டும். நீர் தேங்கினாலும் ஆகாது, அடி காய்ந்தாலும் ஆகாது.

பொக்ஸ்வூட் ஐரோப்பாவின் தென்பகுதியையும் மேற்குப் பகுதியையும், வட ஆபிரிக்காவின் மேற்கு முனையையும், மேற்காசியாவின் சில மலைப்பகுதிகளையும் பிறப்பிடமாகக் கொண்டது. ஆண்டுக்கு ஒரு சாண்கூட வளராது. அந்த மந்தமே அதன் மதிப்பு. வைரம் பாய்ந்த அதன் கட்டை நீரில் மிதக்காமல் மூழ்கிவிடும். சீப்பு, சதுரங்கக் காய், அளவுகோல், ஊதுகுழல் முதலியவற்றை அதிற் கடைந்தார்கள். என் தொழிலோடும் அதற்கு உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டில், பத்திரிகைகளில் புகைப்படத்தை நேரடியாக அச்சிடும் வழி கைகூடுமுன்னர், படங்கள் பெரும்பாலும் பொக்ஸ்வூட் கட்டையின் குறுக்குவெட்டு முகத்தில் செதுக்கப்பட்டே அச்சேறின. ஆகவே இச்செடியை ஏளனம் செய்ய எனக்கு உரிமை இல்லை. அதன் ஊரில் அது பெருமைக்குரியது.

ஆனால் அதன் ஊரிலேயே அது இப்போது படும்பாட்டை என் மருமகன் அறிந்திருக்கவில்லை. கிழக்காசியாவிலிருந்து நாற்றுக்களோடு போய்ச் சேர்ந்த ஓர் அந்துப்பூச்சி 2007இல் ஜேர்மனியில் கண்டறியப்பட்டது. அதன் புழு பச்சை உடலில் கறுப்புக் கோடும் புள்ளியும் கொண்டது. இலையை முதலில் தின்னும். இலை தீர்ந்தால் பட்டையைத் தின்னும். சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பரவிவிட்டது. 2018இல் ரொறன்ரோவிலும் உறுதிசெய்யப்பட்டது. அதற்கு முன்னரே, 1990களில் இங்கிலாந்தில் முதலில் கண்ட ஒரு பூஞ்சண நோய், ஈரமான கோடைகளில் வரிசை வரிசையாக இச்செடியை மொட்டையடித்து வந்தது. நெதர்லாந்தின் ஹெட் லூ அரண்மனைத் தோட்டம் கத்தரித்த பொக்ஸ்வூட் கோலங்களுக்குப் பேர்போனது. அங்கும் அந்நோயால் அவற்றைப் பிடுங்கிவிட்டு வேறு செடி நட்டார்கள். மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து 1658இல் பிடித்த ஒல்லாந்தரின் சொந்த நாட்டிலேயே இதுதான் நிலை. அக்கா வீட்டு எட்டில் மூன்று இப்போது இல்லை. அதை அவர் மகனிடம் சொல்லவில்லைப் போலும்; அல்லது அவன் கேட்கவில்லை.

இடையில் ஒன்று சொல்ல ஆசை. குருத்தோலை ஞாயிறன்று எங்கள் ஊர்க் கோயிலில் குருத்தோலை பிடிக்கிறோம். பிரான்சின் பல பகுதிகளில் ஓலை கிடையாது. அங்குள்ள கத்தோலிக்கர்கள் அன்று மந்திரிக்கக் கொண்டுபோவது பொக்ஸ்வூட் கொப்பை. ஓலை இல்லாத ஊர் தன்னிடம் இருந்த பச்சையை எடுத்துக்கொண்டது. யாரும் அதற்காகப் பேரீச்ச மரத்தைக் கொண்டுபோய்ப் பனியில் நடவில்லை. இதை மருமகனுக்குச் சொன்னேன். அவன் புன்னகைத்தான். நாற்பது நாற்றுக்கு முற்பணம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

நாற்றுக்கள் தென்னிலங்கையிலிருந்து ஒரு சிறு லொறியில் வந்து இறங்கின. ஒவ்வொரு பையிலும் பொக்ஸ்வூட் என்று சீட்டு இருந்தது. ஆனால் அவற்றுள் இரண்டு சாதி இருந்தன என்பது எனக்கே தெரிந்தது. உண்மையான பொக்ஸ்வூட்டின் இலைகள் எதிரெதிராக, தனி இலைகளாக, நுனியில் சிறு வெட்டுடன் இருக்கும். பாதி நாற்றுக்கள் அப்படி இருந்தன. மீதிப் பாதியில் ஒரே காம்பில் பல சிற்றிலைகள். நசுக்கி முகர்ந்தால் தேசிக்காய் வாசனை. காட்டுக்கறிவேப்பிலை. சிங்களத்தில் எட்டேரியா என்பார்கள். மழை பெய்த மறுநாள் வெள்ளைப்பூவும் நறுமணமுமாக நிற்கும் செடி. நாற்று வணிகத்தில் அதைச் சீன பொக்ஸ் என்றும் விற்பதுண்டு. விற்றவரை நான் ஏசப் போவதில்லை. அவர் செய்த தவறே எங்களுக்குப் பிறகு நன்மையாயிற்று.

மாசி, பங்குனி இரண்டு மாதமும் எல்லாம் நன்றாகவே நின்றன. அவன் கனடாவுக்குத் திரும்பிப் போனான். நாளொரு படம் அனுப்பவேண்டும் என்பது எனக்கு இட்ட கட்டளை. வைகாசியில் சோளகம் எழுந்தது. மன்னார்த் தீவின் சோளகத்தை அறியாதவர்களுக்கு ஒரு குறிப்பு: 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் திட்டத்தின் 30 கோபுரங்கள் தீவின் தென்கரையில் நிற்பது, இந்தக் காற்று இங்கே எப்படி அடிக்கும் என்பதை அளந்து பார்த்த பிறகுதான். நான்கைந்து மாதம் நில்லாமல் அடிக்கும். அது வெறுங்காற்றும் இல்லை. உப்பும் மணலும் கலந்து வரும். ஆனியில் பொக்ஸ்வூட் இலைகளின் ஓரம் தீய்ந்தது. கிணற்றிலிருந்து காலை மாலை இறைத்து ஊற்றினோம். தீவின் நிலத்தடி நன்னீர் கடல்நீரின்மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படலம். வறட்சி மாதங்களில் அதிகம் இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலே வந்துவிடும். ஆடியில் நாங்கள் ஊற்றியது செடிக்கு உப்பு நீர். ஆவணியில் அத்தனை பொக்ஸ்வூட்டும் செத்தது. சீட்டு மாறி வந்த காட்டுக்கறிவேப்பிலையில், வீட்டின் வடக்குப் பக்க மறைவில் நின்ற பதினொன்று பிழைத்தன. மற்றவற்றை உப்பும் கழுதைகளும் பங்கிட்டுக்கொண்டன.

செடியின் கதை இவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்தது வேலியைப் பற்றி.

எங்கள் வளவின் வேலியில் என்னவெல்லாம் நின்றன என்று எண்ணிப் பார்க்கிறேன். தெருப்பக்கம் பூவரசங் கதியால். அயல் வளவுப் பக்கம் கிளுவை. பின்பக்கம் பனைகள், பனைகளுக்கிடையே மட்டை வரிச்சு. கிணற்றடியில் மருதோன்றி. இடைவெளிகளில் அலம்பல். ஆண்டுக்கொருமுறை ஓலை மாற்றி வேலி அடைப்பார்கள். அது ஒரு சிறு திருவிழா. பழைய ஓலை அடுப்புக்கோ எருவுக்கோ போகும். வெட்டிய பூவரசங் குழை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் போகும். கதியாலில் தடித்தது வண்டிக்கோ வள்ளத்துக்கோ உதவும். வேலியில் ஓரிடத்தில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குப் பொட்டு இருக்கும். தீப்பெட்டி, உப்பு, காய்ச்சல் குளிசை, மரணச் செய்தி எல்லாம் அந்தப் பொட்டு வழியேதான் வந்துபோகும்.

இதையெல்லாம் சொல்லும்போது பழமைக்கு ஏங்கும் கிழவனின் குரல் வந்துவிடுகிறது. வேலியின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். எனது முப்பது ஆண்டுச் செய்தித்தொழிலில் வேலியைப் பற்றி நான் எழுதிய செய்திகள் பெரும்பாலும் பொலிஸ் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ முடிந்தவை. ஆண்டுதோறும் கதியாலை ஒரு விரற்கடை தள்ளி நட்டு, காலப்போக்கில் ஒரு முழம் காணி சேர்க்கும் கலையில் நம்மவர் கைதேர்ந்தவர்கள். அண்ணன் தம்பி முகம் பாராமற் போனதும், அரிவாள் ஓங்கியதும் வேலிக் கதியாலுக்காகத்தான். மதில் கட்டிவிட்டால் சண்டை ஒரேயடியாக முடியும் என்று என் மருமகன் சொன்னான். அதில் நியாயம் இல்லாமலில்லை.

ஆயினும் நான் மதிலை எதிர்த்ததற்குக் காரணம் 1990.

அந்த ஆண்டு ஆனியில் போர் மீண்டும் மூண்டபோது அக்கா குடும்பம் வள்ளத்தில் இராமேஸ்வரம் போயிற்று. மருமகன் பிறந்தது மண்டபம் முகாமில். நான் அப்போது பல்கலைக்கழக மாணவன், ஊரில் இல்லை. 2002 போர்நிறுத்தத்தின் பின்னர் வளவைப் பார்க்கப் போனபோது வீடு இல்லை. ஓடு, சட்டம், நிலை, யன்னல் எதுவும் இல்லை. சுவரின் கல்லையும் யாரோ எடுத்துப்போயிருந்தார்கள். காணி உறுதி எந்தக் கடலில் போனதோ தெரியாது. ஆனால் என் தந்தையார் நட்ட பூவரசங் கதியால்கள் வெட்டுவாரின்றி மரங்களாகி, தெருவோரத்தில் ஒரே நேர்கோட்டில் நின்றன. கிளுவை முள் பற்றையாகிப் படர்ந்திருந்தாலும் அதன் அடிகள் கயிறு பிடித்தாற்போல் ஒரு வரிசையில் இருந்தன. நில அளவையாளர் வந்தபோது அந்த வரிசையின் மீதே சங்கிலியை வைத்தார். அயலவர்களும் மறுக்கவில்லை. அவர்களுடைய எல்லையும் அதே கிளுவைதானே.

அதே 1990இன் ஒக்ரோபர் இறுதியில், விடுதலைப் புலிகளின் உத்தரவால் வடமாகாணத்தின் முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் காலியாயின. பலர் கடல்வழியாகக் கற்பிட்டிக்கும் அங்கிருந்து புத்தளத்துக்கும் போனார்கள். அவர்களுள் மீண்டு வந்த ஒரு முதியவளை எருக்கலம்பிட்டியில் சந்தித்தேன். அவர் தன் வளவின் மூலையை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். மருதோன்றிப் பற்றை ஒன்றைக் காட்டினார். பெருநாளுக்குத் தன் தாயார் இலை பறித்த மரம் என்றார். பன்னிரண்டு ஆண்டு நீர் ஊற்ற ஆளின்றி, ஆடு கடித்து, வெயில் காய்ந்து, அடியிலிருந்து திரும்பத் திரும்பத் துளிர்த்து நின்ற மரம். அதன் கீழே உட்கார்ந்துதான் என்னோடு பேசினார். அன்று நான் அனுப்பிய செய்தியில் அந்த மருதோன்றிக்கு இடம் கிடைக்கவில்லை. எண்ணிக்கைக்கு இடம் கிடைத்தது.

பத்தாண்டு தடையின்றி ஆண்டவனுக்கே காணி என்பது நம் நாட்டின் பழைய சட்டம். போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கு அந்தப் பத்தாண்டுக் கணக்குப் பொருந்தாமல் காக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் என் காணி இதுதான் என்று நிறுவவேண்டிய பொறுப்பு வந்தவனுடையது. முசலிப் பக்கத்தில் 2007இல் வெளியேறியவர்கள், ஆதம்பன் பக்கத்தில் அதன்பின் வெளியேறியவர்கள் என்று எத்தனையோ பேர் திரும்பி வந்து நின்று எல்லையைத் தேடியதைப் பார்த்திருக்கிறேன். கிணற்றுக் கட்டு, தென்னை, பூவரசு, கிளுவை. இவைதான் சாட்சி. மதில் சாட்சி சொல்லாதா என்று கேட்கலாம். சொல்லும், இருந்தால். சீமெந்துக் கல்லுக்கு விலை உண்டு. ஆளில்லா ஊரில் விலையுள்ளது எதுவும் நிற்பதில்லை. கிளுவையை யாரும் திருடமாட்டார்கள்.

போர் முடிந்து ஆண்டுகள் பல சென்றுவிட்டனவே, இனி எதற்கு அந்தக் கணக்கு என்பது மருமகனின் கேள்வி. சரி, அதை விடுவோம். காற்றையும் நீரையும் மட்டும் எடுத்துக்கொள்வோம். உயரமான மதிலில் மோதும் காற்று நிற்பதில்லை. எகிறி மேலேறி, மதிலின் பின்னால் சுழன்று விழுகிறது. மணலையும் கூடவே கொட்டுகிறது. வேலி காற்றைச் சலிக்கிறது. பாதிக்குப் பாதி இடைவெளியுள்ள ஆறடி வேலி, தன் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரத்துக்கு, அதாவது அறுபது அடிவரை, காற்றின் வேகத்தைத் தணிக்கும். எங்கள் வளவின் அகலம் அதைவிடக் குறைவு. அடுத்தது மார்கழி மழை. தீவு தட்டையானது. பெய்த நீர் வளவுக்கு வளவு வேலியடியால் ஊர்ந்து தாழ்வுக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது ஒவ்வொருவரும் அத்திவாரம் வெட்டி மதில் எழுப்பி, தன் வளவுக்குள் மண்ணும் கொட்டி உயர்த்துகிறார்கள். நடுவில் மதிலில்லாத ஏழையின் வளவு குளமாகிறது. பிறகு அதிகாரிகளைத் திட்டுகிறோம். வடிகால் இல்லை என்பது உண்மைதான். இருந்த வடிகாலை அடைத்தவர்களுள் நாமும் இருக்கிறோம்.

மதிலின் உப்புப் பிரச்சினையைச் சொல்லத் தேவையில்லை. கடற்கரையில் கம்பி துருவேறி, வெடித்து, பூச்சு உதிரும் மதில்களை எவரும் பார்க்கலாம்.

உண்மையில் மருமகனின் வாதங்களுள் என்னை அசைத்தது ஒன்றே. "வேலி அடைக்க ஆள் எங்க மாமா?" என்றான். இது சரியான கேள்வி. ஓலை வெட்ட மரமேறுவார் இல்லை. வேலி அடைக்கக் கூலிக்கு ஆள் கிடைத்தாலும், ஓலை, வரிச்சு, கயிறு என்று கூட்டிப் பார்த்தால் ஆண்டுதோறும் ஒரு பெருஞ்செலவு. அதனால்தான் ஏழைகள் தகரம் அடிக்கிறார்கள், பணமுள்ளவர்கள் மதில் கட்டுகிறார்கள். இதற்கு மேல் கழுதைகள் வேறு. அரபு வணிகர்களோடு வந்தவை என்று சொல்லப்படும் மன்னார்க் கழுதைகள் நகரிலும் ஊரிலும் தம் விருப்பப்படி உலவுபவை. வறட்சியில் பச்சையாக எது தெரிந்தாலும் வாய்வைக்கும். ஆகவே பழைய ஓலை வேலியை அப்படியே மீட்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓலையை விட்டுவிடலாம். பச்சையை விடவேண்டியதில்லை என்பதே என் கட்சி.

அவன் கேட்ட வடிவம் என்ன? சிறிய, பளபளப்பான இலை, நெருக்கமான கிளை, கத்தரித்தால் கத்தரித்தபடி நிற்பது, விலங்கு தின்னாதது. இந்த நான்கும் உள்ள செடி எங்கள் கடலோரத்திலேயே, உப்பாற்றங் கரைகளிலும் கண்டல் மரங்களின் பின்புறத்திலும் தானாக வளர்கிறது. சங்கங்குப்பி. பீநாறிச்சங்கு என்றும் ஒரு பெயர் உண்டு. அதனால்தானோ என்னவோ வீட்டு வாசலில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. இலையைக் கசக்கினால்தான் வாடை. சும்மா நின்றால் ஒன்றுமில்லை. வெள்ளைப் பூவிலிருந்து செந்நீல நிறத்தில் நீண்ட மகரந்த இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இலை கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. ஆடும் மாடும் தொடாது. கழுதையும் தொடவில்லை என்பதை எங்கள் தெருவிலேயே பார்த்துவிட்டேன். தமிழகத்தில் கடலோரப் பூங்காக்களில் இதைத்தான் பொக்ஸ்வூட் போலக் கத்தரித்து வைத்திருக்கிறார்கள்.

நடும் முறையைச் சொல்கிறேன். அக்காவிடமும் அயலவரிடமும் கேட்டு, இந்த ஆண்டு செய்தும் பார்த்தது. ஐப்பசியில் முதல் இரண்டு மழை மண்ணை நனைத்தபின் தொடங்கவேண்டும். பென்சில் தடிப்பில் முற்றிய கொப்பாகப் பார்த்து, ஒரு சாண் நீளத்தில் வெட்டிக்கொள்ளவேண்டும். கீழ்ப்பாதி இலையைக் கழித்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு சாய்த்து ஊன்றவேண்டும். ஓரடி இடைவெளியில் இரண்டு வரிசை, ஒன்றுக்கு எதிரே ஒன்று வராமல் மாற்றி மாற்றி. அடியில் ஆட்டெருவும் சருகும். மார்கழிவரை மழையே பார்த்துக்கொள்ளும். முதலாவது சோளகத்தில் மட்டும் கிழமைக்கு இருமுறை நீர் காட்டவேண்டும். காற்று வரும் பக்கத்தில் ஓலைத் தட்டி ஒன்று சாத்தவேண்டும். முழங்கால் உயரம் வந்ததும் இரக்கப்படாமல் நுனியை வெட்டிவிடவேண்டும். வெட்டாவிட்டால் கொடிபோல் நீண்டு சாய்ந்துவிடும். வெட்டும்போது அடி அகலமாகவும் தலை ஒடுங்கியும் இருக்கவேண்டும். தலை அகன்றால் கீழிலைக்கு வெயில் படாது. அடி மொட்டையாகி, நாய் நுழையும். அக்கா தன் பொக்ஸ்வூட்டுக்குச் செய்ததும் இதையேதான். ஆடி வெயிலில் கத்தரிக்கோலைத் தொடக் கூடாது.

தெருப்பக்கத்துக்குப் பூவரசங் கதியாலே போதும். கைத் தடிப்பில் ஆறடிக் கம்பு, ஒன்றரை அடி ஆழம், வெட்டுவாய்க்குச் சாணம். உப்புக்கும் காற்றுக்கும் அஞ்சாத மரம். காட்டுக்கறிவேப்பிலையை வீட்டின் மறைவுப் பக்கத்தில் வைக்கலாம். சோளகத்துக்கு நேரே வைக்கக் கூடாது. தேசி மரமுள்ள வளவென்றால் அதுவும் வேண்டாம். தேசி, தோடை மரங்களைக் கெடுக்கும் பசுமை நோயைக் காவும் சிறு பூச்சிக்கு அது விருப்பமான வீடு. வேகமாய் வளர்கிறதே என்று சீமைக்கருவேலத்தை மட்டும் ஒருபோதும் வேலியில் நடாதீர்கள். 2010இல் ராம்சார் தகுதி பெற்ற வங்காலைச் சரணாலயத்தில் அது பறவைகளின் நிலத்தை எப்படி விழுங்குகிறது என்று போய்ப் பார்த்தால் விளங்கும். நாகதாளியும் ஒருகாலத்தில் வேலிக்கென்று வந்ததுதான்.

வெளிநாட்டுச் செடி என்பதற்காக நான் பொக்ஸ்வூட்டைத் தள்ளவில்லை. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்காவுக்குரியது. எத்தனையோ நூற்றாண்டாக இந்த மணலில் நின்று எங்கள் ஊரின் அடையாளமாகிவிட்டது. இந்த மண்ணும் காற்றும் அதற்குப் பிடித்திருந்தன. பொக்ஸ்வூட்டுக்குக் குளிர்காலம் ஒன்று வேண்டும். எங்களிடம் இல்லை.

புரட்டாதிக் கடைசியில் மதிலுக்கான சீமெந்துக் கல் வந்து இறங்கவிருந்த கிழமையில், அக்காவே பயணச்சீட்டு எடுத்து வந்துவிட்டார். முப்பத்தைந்து ஆண்டில் இது மூன்றாவது வருகை. வந்த மறுநாள் காலையில் செத்த பொக்ஸ்வூட் வரிசையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தெருப்பக்கம் போய், தந்தையார் நட்ட பூவரசுகளுள் மிகப் பழையதன் அடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அன்று மாலை கனடாவுக்கு நீண்ட தொலைபேசி உரையாடல் நடந்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. முடிவில் முன்புறத்தில் படலைக்கு இரண்டு தூண் மட்டும் கட்டுவதென்றும், கல்லுக்குக் கொடுத்த முற்பணத்தில் மீதியைக் கிணற்றுக் கட்டுக்குத் திருப்புவதென்றும் சமரசமாயிற்று. மருமகன் கோபமாகத்தான் இருக்கிறான். படம் அனுப்பச் சொல்லிக் கேட்பதில்லை.

ஐப்பசியில் நானும் அக்காவும் சங்கங்குப்பிக் கொப்புகளைச் சாக்கில் நனைத்து வைத்துக்கொண்டு ஊன்றத் தொடங்கினோம். இரண்டாம் நாள் அயல் வளவுப் பக்கம் வந்தபோது, பழைய பொட்டு இருந்த இடத்தில் அக்கா நின்றுவிட்டார். அந்தப் பக்கத்தில் இப்போது இருப்பவர்கள் புதியவர்கள். பெருநிலப்பரப்பிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்களோடு எங்களுக்கு இன்னும் பழக்கம் இல்லை. அந்த இரண்டடியை அடைப்பதா, விடுவதா என்று அவர் என்னைக் கேட்டார். அவர்களைக் கேட்காமல் எப்படிச் சொல்வது என்றேன். அந்த இடத்தை விட்டுவிட்டு அப்பாலிருந்து ஊன்றிக்கொண்டு போனோம். பொழுதுபட, அந்த வீட்டுப் பெண் வேலியருகே வந்து, இது என்ன செடி அம்மா என்று கேட்டார். அக்கா பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு என்னைப் பார்த்தார்.